டீச்சரிடம் கேளுங்கள்: ஐந்து மணிக்கு மேல் யார் இருக்கிறார்கள்?

(குமரி மாவட்டத்தில் ஆண்பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்தில் 1991 முதல் 2020 வரை வேலை பார்த்தவர். முதலில் வார்டன், கடைசிப் பதினோரு வருடம் கண்காணிப்பாளர். ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் பையன்கள் ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டார்கள். வீடு இல்லாத, வீட்டில் இருக்க முடியாத பிள்ளைகளுக்கான இல்லங்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் கொடுத்திருக்கிறோம்.)

கேள்வி: எங்கள் இல்லத்தில் 42 பையன்கள். மூன்று மாதத்துக்கு முன்புதான் கண்காணிப்பாளராகச் சேர்ந்தேன். சேவைகளை மேம்படுத்தச் சொல்லி அறக்கட்டளையிலிருந்து ஒரு பட்டியல் வந்திருக்கிறது: கம்ப்யூட்டர், கராத்தே, யோகா, ஸ்போக்கன் இங்கிலீஷ், கீபோர்டு. எதை முதலில் தொடங்கலாம்? (மார்த்தாண்டம்)

பதில்: ஒரு மாதத்துக்கு எதையும் தொடங்காதீர்கள், தம்பி. எங்கள் இல்லத்துக்கும் 1998இல் இதே பட்டியல் வந்தது. கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் தையல் மெஷின், அவ்வளவுதான் வித்தியாசம். கராத்தே மாஸ்டர் சனிக்கிழமைதோறும் நாகர்கோவிலிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். பெட்ரோல் காசு இரண்டு மாதம் பாக்கி விழுந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார். கீபோர்டில் பொங்கலுக்குள் நாலு கட்டை போய்விட்டது. ஆண்டறிக்கையில் மட்டும் ஐந்து வகுப்பும் போட்டோவோடு பளபளவென்று இருந்தன. அதே வருடத்தில்தான் மூன்று பேர் சுவர் ஏறிக் குதித்து ஓடினார்கள், ஒரு சண்டையில் ஒருவனுக்குப் பல் போனது.

எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டது சமையல்கார அக்கா. “டீச்சர், ஞாயித்துக்கெழம ராத்திரி மட்டும் சோறு மிஞ்சுது, பாத்தீங்களா?” என்று கேட்டார். நான் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன். சண்டை, திருட்டு, அழுகை, சாப்பிட மாட்டேன் என்ற அடம், பாயில் மூத்திரம், எதுவாக இருந்தாலும் தேதி, மணி, இடம், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று எழுதினேன். யார் செய்தது என்பதைக் கடைசியில்தான் எழுதுவேன். பேரை முதலில் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் கண்ணுக்குப் படாது. ‘அவன் அப்படித்தான்’ என்று நோட்டை மூடிவிடத் தோன்றும். இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால், பாதிக்கு மேல் இரண்டு இடத்தில் குவிந்து கிடந்தது. ஒன்று, ஞாயிறு சாயங்காலம். இன்னொன்று, மற்ற நாட்களில் ஐந்தரைக்கும் எட்டரைக்கும் நடுவே.

ஞாயிறு இரண்டிலிருந்து நாலு வரை பார்வையாளர் நேரம். முப்பத்தெட்டுப் பேரில் பதினைந்து பேருக்கு யாராவது வருவார்கள். மற்றவர்கள் வராந்தா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலு மணிக்குமேல், அம்மா வந்துபோனவன் அழுவான், வராதவன் அவனுடைய நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை எடுப்பான், அடிதடி. ராத்திரி இருவருமே சாப்பிட மாட்டார்கள். இதற்குக் கராத்தே வகுப்பு என்ன செய்யும்?

முதலில், எந்த நாளிலும் வரலாம் என்று மாற்றிப் பார்த்தோம். பயன்படவில்லை. அண்டி ஆபீசுக்கும் (முந்திரிக்கொட்டை ஆலை) ரப்பர் தோட்டத்துக்கும் போகிற அம்மாக்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. சரி என்று, யாரும் வராத பையன்களை அந்த இரண்டு மணி நேரமும் சானலில் (பாசனக் கால்வாயில்) குளிக்கக் கூட்டிப்போனோம். நாலு மணிக்கு அப்புறம் அல்ல, இரண்டு மணிக்கே. ஞாயிறு ராத்திரி உப்புமாவை எடுத்துவிட்டு மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும் போட்டோம். பலகாரத்தை எல்லாருக்கும் பங்கு வைக்கலாம் என்று நான் சொன்னதைப் பையன்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. “எங்கம்மா எனக்குத்தானே கொண்டுவந்தா?” நியாயம்தான். ஆளுக்கு ஒரு பூட்டு வேண்டும், சாவி அவரவர் கையில் இருக்க வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே இருந்த தகரப் பெட்டிகளுக்கு 38 பூட்டு வாங்கினோம். இருபத்தொன்பது வருடத்தில் நான் நடத்திய ஆகச் சிறந்த புரோகிராம் அந்த 38 பூட்டுதான்.

இரண்டாவது குவியல் எங்களால் வந்தது. ஆபீஸ் கிளார்க், தையல் டீச்சர், பின்னாளில் வந்த கவுன்சலர் எல்லாரும் ஐந்து மணிக்குப் பஸ் பிடித்துவிடுவார்கள். பையன்களோ நாலரைக்குத்தான் பள்ளிக்கூடம் விட்டு வருவார்கள். அதாவது, பையன்கள் இல்லாதபோது ஆறு பெரியவர்கள், இருக்கும்போது ஒரே ஒரு வார்டன். நான் கண்காணிப்பாளரானதும் செய்த முதல் வேலை, கவுன்சலரின் நேரத்தைப் பன்னிரண்டிலிருந்து எட்டு என்று மாற்றியது. அவருக்கு வருத்தம்தான். ராத்திரி பஸ் வரைக்கும் துணைக்கு ஆள் அனுப்பினோம், அப்புறம் பழகிவிட்டது. நீங்களும் உங்கள் வருகைப் பதிவேட்டை எடுத்து, ஐந்து மணிக்கு மேல் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் கேட்பவற்றையும் இதோடு சேர்த்தே செய்துவிடலாம். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். பல இல்லங்களில் நாற்பது பேருக்கும் ஒரே வாசகம், பெயர் மட்டும் மாறியிருக்கும். ‘நன்றாகப் படிக்க வைத்தல், நல்லொழுக்கம் கற்பித்தல்.’ இது திட்டமா? ‘ஏழாம் வாய்ப்பாடு தெரியாது, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் கண் காட்ட வேண்டும், குலசேகரத்தில் பாட்டி இருக்கிறாள், மாதம் ஒருமுறை போன் போட வேண்டும்’ என்று எழுதினால் அது திட்டம்.

பிள்ளைகளே உறுப்பினராக இருக்கும் குழந்தைகள் குழுவும் வேண்டும்: 6 முதல் 10 வயது, 11 முதல் 15, 16 முதல் 18 என்று தனித்தனியாக. ஆலோசனைப் பெட்டியின் சாவி மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும் என்கின்றன அந்தச் சட்டத்தின் மாதிரி விதிகள். எங்களிடம் வெகுகாலம் சாவி கண்காணிப்பாளரின் மேசை டிராயரில்தான் இருந்தது. பெட்டிக்குள் பல்லி முட்டை தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. சாவி கைமாறிய முதல் வாரத்திலேயே ஏழு சீட்டு. ஐந்து சீட்டில் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று இருந்தது.

தாழ்ப்பாள் போட்ட பிறகு கீபோர்டு வாங்குங்கள். சொல்லிக்கொடுக்க வருகிறவருக்குப் பெட்ரோல் காசையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: என் மகளின் முதல் பிறந்தநாளை ஓர் இல்லத்துப் பிள்ளைகளோடு கொண்டாட நினைக்கிறோம். கேக்கும் பிரியாணியும் கொண்டுபோகலாமா? (நாகர்கோவில்)

பதில்: பிரியாணி வேண்டாம் என்று நான் சொன்னதாகத் தெரிந்தால் பையன்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். கொண்டுபோங்கள். ஆனால் கேக் வெட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் ஒரே வாரத்தில் நாலு பிறந்தநாள் நடந்திருக்கிறது எங்கள் ஹாலில். யாரென்றே தெரியாத குழந்தைக்கு நாற்பது பேர் கைதட்டிப் பாட வேண்டும். ஒருமுறை, பாடி முடித்துவிட்டு வந்த ஒரு பொடியன் கேட்டான்: “டீச்சர், எனக்கு எப்ப பொறந்தநாள்?” போய்ப் பதிவேட்டைப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக யாரோ உத்தேசமாகப் போட்ட ஜூன் 1. அந்தத் தேதியில் எங்களிடம் ஒன்பது பேர் இருந்தார்கள். அந்த வருடம் முதல் அவனவனுக்குப் பிடித்த ஒரு தேதியை அவனே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். ஒருவன் தீபாவளியைக் கேட்டான், இரண்டு மடங்கு பலகாரம் கிடைக்கும் என்று.

போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட வேண்டாம். இல்லத்துப் பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது சட்டத்தின் 74ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், அந்தப் பையன் நாளை கல்லூரிக்குப் போகும்போது, உங்கள் மகளின் கேக்குக்குப் பின்னால் வாய் பார்த்துக்கொண்டு நிற்கிற படம் யார் போனிலாவது இருக்கலாமா?

எது தேவை என்று கேட்டுவிட்டுப் போங்கள். செருப்பு, ஜட்டி, மூக்குக் கண்ணாடி, நின்றுபோன ஃபேன். இதையெல்லாம் யாரும் தருவதில்லை, போட்டோவில் நன்றாக இராது. இன்னும் பெரிதாகச் செய்ய மனம் இருந்தால், புதன்கிழமைதோறும் ஒரு மணி நேரம் ஒரு வருடத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். இல்லம் உங்களைப் பற்றி விசாரிக்கும், அடையாளச் சான்று கேட்கும். கேட்காமல் உள்ளே விடுகிற இல்லம் என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போய் நாலு வருடம் ஆகிறது. அண்டி ஆபீசில் வேலை. பதிமூன்று வயது மகனை ஓர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன். இரண்டு தடவை ஓடி வந்துவிட்டான். திரும்பவும் ஓடினால் சேர்க்க மாட்டோம் என்கிறார்கள். (கருங்கல் அருகே)

பதில்: உங்களிடம்தானே ஓடி வந்தான், அம்மா? முதலில் அந்த நிம்மதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருக்கும்.

ஏன் ஓடி வந்தாய் என்று கேட்காதீர்கள். பதில் வராது, தலையைக் குனிந்துகொள்வான். ராத்திரி எங்கே படுக்கிறாய், பக்கத்தில் யார், குளிக்கும்போது யார் இருப்பார்கள், பெரிய பையன்கள் என்ன வேலை வாங்குவார்கள் என்று ஒவ்வொன்றாக, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேளுங்கள். உடம்பில் யாராவது தப்பாகக் கை வைத்ததாகத் தெரிந்தால், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். அப்படி ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். எங்களிடம் அருமனைப் பக்கத்துப் பையன் ஒருவன் மூன்று தடவை ஓடினான். மூன்று தடவையும் வெள்ளிக்கிழமை. அப்பாவுக்குக் கூலி கிடைக்கிற நாள் அது. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிறாரா என்று பார்க்கப் போயிருக்கிறான். பிறகு வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அவன் அம்மாவுக்கு ஆபீஸ் போனில் பேசவிட்டோம். ஓட்டம் நின்றது.

இன்னொன்று. வறுமை ஒன்றுக்காகப் பிள்ளையை இல்லத்தில் விட வேண்டியதில்லை. இல்லம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று உண்டு. பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய். கணவர் கைவிட்ட பெண்களின் பிள்ளைகளும் இதில் வருவார்கள். கிராமப்புறத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, மற்ற இடங்களில் 96,000. நாகர்கோவிலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்கள். பையன் எங்கே இருப்பது நல்லது என்று முடிவு செய்கிறவர்கள் குழந்தைகள் நலக் குழு: ஒரு தலைவர், நாலு உறுப்பினர்கள். வக்கீல் வேண்டியதில்லை, பையனையே கூட்டிப்போய்ப் பேசவிடலாம். பணம் உடனே வராது, இரண்டு மூன்று தடவை நடக்க வேண்டியிருக்கும். நடங்கள்.

இன்னும் ஓடினால் சேர்க்க மாட்டோம் என்றார்களாமே. குழுவின் உத்தரவில் இருக்கிற பிள்ளையை அப்படி இல்லம் தானாக வெளியே அனுப்ப முடியாது. அதையும் குழுவிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஓர் இல்லத்தில் வார்டன். அடிக்கக் கூடாது என்கிறார்கள். அடிக்காமல் நாற்பது பையன்களைக் கட்டி மேய்க்க முடியுமா? ஏதாவது பாயிண்டு முறை இருக்கிறதாமே? (தக்கலை)

பதில்: நான் அடித்திருக்கிறேன். 1994, ஒன்பதாம் வகுப்புப் பையன், கம்பு ஒடிகிற வரைக்கும். அவன் அழவில்லை. ஒடிந்த துண்டைக் குனிந்து எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அப்புறம் இரண்டு வருடம் என்னிடம் எதற்கும் வரவில்லை. காய்ச்சல் வந்தால்கூட சமையல்கார அக்காவிடம் போய்ச் சொல்வான். அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரே வழியை நானே அடைத்துவிட்டேன்.

இப்போது அது குற்றமும்கூட. இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவு: முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், மறுபடியும் என்றால் மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேலையும் போகும்.

பாயிண்டு முறை கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்கிற ஊரில், 1967இல், வம்பில் மாட்டிக்கொண்ட பையன்களுக்காக ஒரு வீடு தொடங்கினார்கள். நல்லது செய்தால் பாயிண்டு, தப்புக்குக் கழிவு. சேர்ந்த பாயிண்டுக்கு டிவி பார்க்கலாம், வெளியே போகலாம். நெப்ராஸ்காவில் ஃபிளனகன் என்ற பாதிரியார் 1917இல் தொடங்கிய பாய்ஸ் டவுன் ரொம்பப் பெரிய இல்லம். அங்கேயும் 1970களில் பெரிய கூடங்களைக் கைவிட்டு இந்த முறைக்கு மாறினார்கள். ஒரு பயிற்சிக் கூட்டத்தில் இதைக் கேட்டுவிட்டு வந்து, மறுவாரமே எங்கள் இல்லத்தில் அட்டை வெட்டி, ஆபீஸ் முத்திரை குத்தி, பாயிண்டு கொடுக்க ஆரம்பித்தேன். பதினைந்தே நாளில், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சின்னவர்களுக்கு அட்டையைக் கடன் கொடுத்து வட்டி வாங்கிக்கொண்டிருந்தான். வாரத்துக்கு மூன்றுக்கு நாலு. இப்போது ஒரு வட்டிக்கடையில் கணக்குப் பார்க்கிறான், பொருத்தமான வேலைதான்.

எங்கே தப்புப் பண்ணினேன் என்று பிறகுதான் விளங்கியது. அந்த லாரன்ஸ் வீட்டில் இருந்தது ஏழெட்டுப் பையன்கள். பயிற்சி பெற்ற ஒரு கணவனும் மனைவியும் அவர்களோடு அதே வீட்டில் குடியிருந்தார்கள். காலையில் எழுப்புவதும், மேசையில் ஒன்றாகச் சாப்பிடுவதும், கோபத்தில் கத்தாமல் எப்படி மறுத்துப் பேசுவது என்று நடித்துக் காட்டுவதும் அவர்கள்தான். நான் பார்த்துக் காப்பியடித்தது அட்டையை. அந்தப் புருஷன் பெண்டாட்டியை விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அட்டையைத் தீயில் போட்டுவிட்டு, 38 பேரை நாலு குழுவாகப் பிரித்தோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர், ஒரு வருடத்துக்கு மாறாமல். சமையல்கார அக்காவுக்கும் ஒரு குழு கொடுத்தோம். நிர்வாகத்தில் முகம் சுளித்தார்கள். ராத்திரிச் சாப்பாடு அந்தந்தக் குழுவோடு தரையில் உட்கார்ந்து. போர்வை கிழிந்தது முதல் மார்க் குறைந்தது வரை எதுவானாலும் அந்த ஒருவரிடம்தான் சொல்ல வேண்டும். சண்டை நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சண்டைக்கு முந்தின நாளே யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அக்காவின் குழுவில்தான் நோட்டில் எழுத ரொம்பக் கொஞ்சம் இருந்தது.

உங்கள் இல்லத்தில் நீங்கள் ஒருவர்தான் நாற்பது பேருக்கு என்றால், அடிப்பதா வேண்டாமா என்பதல்ல பிரச்சினை. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து உங்கள் கண்காணிப்பாளர் மேசையில் வையுங்கள்.

கேள்வி: உறவுக்காரப் பையனை ஒரு ‘ஹோமில்’ சேர்க்கச் சொல்கிறார்கள். நல்ல இடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (குளச்சல்)

பதில்: பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி பதிவு கட்டாயம். பதியாமல் நடத்தினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தேதி முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்பட்டதை விசாரித்த வழக்கில், 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம், எல்லா இல்லங்களையும் அந்த வருடக் கடைசிக்குள் பதிவு செய்து முடிக்கச் சொன்னது. இன்னமும் ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்று யாராவது சொன்னால் வந்த வழியே திரும்புங்கள். சான்றிதழ் சரியாக இருந்தால் கக்கூஸைப் பாருங்கள். அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு, சொல்லாமல், இன்னொரு தடவை போங்கள்.

கேள்வி: நான் ஓர் இல்லத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு. ஆனி மாதம் பதினெட்டு ஆகிறது. அதற்குப் பிறகு எங்கே போவது? (ஊர் வேண்டாம்)

பதில்: மக்கா, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

1999இல் எங்களிடம் இருந்த ஒருவனுக்குப் பதினெட்டு முடிந்ததும், ஒரு பையும் ஐந்நூறு ரூபாயும் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று ராத்திரி வடசேரி பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறான். நாலாம் நாள் ஒரு டீக்கடைக்காரர் எங்களுக்குப் போன் செய்தார். அன்றிலிருந்து பதினாறு வயதிலேயே இந்தப் பேச்சை ஆரம்பித்துவிடுவேன். உனக்கு யாரும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது. சரி, இப்போது ஆரம்பிப்போம்.

பதினெட்டு ஆனதும் கதவு மூடிவிடாது. சட்டத்தின் 46ஆம் பிரிவில் பிற்காப்பு என்று இருக்கிறது. இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்குப் பண உதவியும் மற்ற உதவிகளும், வழக்கமாக 21 வயது வரை. தானாக வராது, உன் பெயருக்குக் கேட்டு எழுத வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு இந்த மாதமே கண்காணிப்பாளர் மூலம் மனு கொடு. அவர் இழுத்தடித்தால் நீயே குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய் நில்.

ஆதார், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், தடுப்பூசி அட்டை எல்லாவற்றின் அசலும் உன் கையில் இருக்க வேண்டும், ஆபீஸ் பீரோவில் அல்ல. ஆதாரில் எந்தப் போன் நம்பர் இருக்கிறது என்று பார். பழைய வார்டனின் நம்பராக இருந்தால் உடனே மாற்று. எங்கள் பையன்களில் பாதிப் பேர் அதில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

மெஷின் வேலை பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாய். நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐயும் இருக்கிறது, பாலிடெக்னிக்கும் இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால், தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், ஐடிஐ படித்தாலும் உண்டு. தேன்பெட்டி வைக்க ஆசை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறாய். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.காரர்கள் 1920களிலேயே ஊர்க்காரர்களுக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், அந்தத் தொழில் இன்றைக்கும் இங்கே ஓடுகிறது. படித்துக்கொண்டே நாலு பெட்டி பார்க்கலாம். அதையே நம்பி இறங்காதே; ரப்பர் துளிர்க்கிற மாதங்களில்தான் தேன் கொட்டும், மழை மாதங்களில் பூச்சிக்கே நாம் சீனித் தண்ணீர் வைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத் தருகிற மூன்று வீடுகளின் முகவரியை ஒரு தாளில் எழுது. உறவாக இருக்க வேண்டியதில்லை. கூடப் படிக்கிறவன் வீடு, பழைய டீச்சர் வீடு, எதுவானாலும் சரி. இரண்டுதான் தேறியது என்றால், என் முகவரி இந்தப் பத்திரிகை ஆபீசில் இருக்கிறது. வருகிற அன்றைக்குக் காலையிலேயே போன் பண்ணிவிடு. மரச்சீனி அவிக்க நேரம் வேண்டும்.